சிறைத் தண்டனையிலிருந்து சான்றிதழ் வரை: கப்போயிராவை ஆள்வது யார்?



ஒடுக்கப்பட்டோர் கலைகளும் அரசு அங்கீகாரமும் என்ற பொருளில் பேச அழைத்திருக்கிறீர்கள். இந்தப் பொருளில் பேச வருபவர்கள் பறையைப் பற்றியோ சிலம்பத்தைப் பற்றியோ பேசுவது வழக்கம். நான் பிரேசில் நாட்டுக்குப் போய்விட்டுக் கடைசியில்தான் ஊர் திரும்பப் போகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

நாம் இன்று எதையெல்லாம் அரசிடம் கேட்கிறோமோ, அதையெல்லாம் பிரேசிலில் ஒரு தற்காப்புக் கலை ஏற்கெனவே பெற்றுவிட்டது. குற்றப் பட்டியலிலிருந்து நீக்கம், அரசுப் பதிவு, தேசியக் கூட்டமைப்பு, தேசியப் போட்டி, பள்ளிக்கூடத்தில் இடம், யுனெஸ்கோ பட்டியலில் பெயர் என எல்லாம் வந்து சேர்ந்தன. ஆனால் அந்தக் கலையைக் காப்பாற்றிக் கொடுத்த இரண்டு பெரும் ஆசான்களும் ஆதரவில்லாமல், வறுமையில் இறந்தார்கள். அங்கீகாரம் வளர வளர ஆசான்கள் ஏன் சுருங்கிப்போனார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் நம் கோரிக்கைகளையும் நாம் கொஞ்சம் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

அந்தக் கலையின் பெயர் கப்போயிரா.

முதலில் அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். மனிதர்கள் வட்டமாக நிற்பார்கள் அல்லது உட்கார்ந்திருப்பார்கள். அந்த வட்டத்துக்கு ரோடா என்று பெயர். வட்டத்தின் தலைப்பக்கம் பெரிம்பாவ் என்ற கருவி. வில்லில் ஒற்றைக் கம்பி கட்டி, அடியில் சுரைக்குடுக்கை பொருத்திய கருவி அது. அதனுடன் மேளமும் கைத்தாளமும் பாட்டும் சேரும். இரண்டு பேர் வட்டத்துக்குள் இறங்குவார்கள். பெரிம்பாவ் மெதுவாக ஒலித்தால் ஆட்டம் மெதுவாக, தரையோடு தரையாக நடக்கும். வேகம் கூடினால் உதைகள் பறக்கும். அடிப்பது போல வந்து அடிக்காமல் விடுவது, விழுவது போல விழுந்து காலை வாருவது, சிரித்துக்கொண்டே ஏமாற்றுவது எல்லாம் அந்தக் கலையின் இலக்கணம். மரபான ரோடாவில் வென்றவர், தோற்றவர் என்று யாரும் அறிவிப்பதில்லை. ஆட்டத்தை நிறுத்துவதும் தொடர்வதும் பெரிம்பாவ் வாசிக்கும் ஆசானின் கையில் இருக்கிறது. இந்த ஒரு செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இதை உருவாக்கியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களும் அவர்களுடைய வழித்தோன்றல்களும். அமெரிக்கக் கண்டங்களிலேயே மிக அதிகமான அடிமைகள் இறக்கப்பட்ட நாடு பிரேசில். ஏறத்தாழ 48 லட்சம் பேர். அடிமை முறையைக் கடைசியாக ஒழித்த நாடும் அதுதான். 1888 மே 13-இல் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் மன்னராட்சி போய்க் குடியரசு வந்தது.

விடுதலை பெற்ற மக்களுக்குக் குடியரசு நிலம் கொடுக்கவில்லை. அவர்களுக்கு அது கொடுத்தது ஒரு குற்றவியல் சட்டப் பிரிவு. 1890 அக்டோபரில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் 'ஊர்சுற்றிகளும் கப்போயிராக்களும்' என்றே தனி அத்தியாயம் இருந்தது. அதன் 402-ஆவது பிரிவின்படி, கப்போயிரா எனப்படும் உடல் வேகப் பயிற்சிகளைத் தெருவிலோ பொது இடத்திலோ செய்தால் இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. குழுவாகச் சேர்ந்து செய்தால் குற்றம் இன்னும் கடுமையானது. குழுவுக்குத் தலைமை தாங்கினால் தண்டனை இரண்டு மடங்கு. சட்டம் வருவதற்கு முன்பே ரியோ டி ஜெனிரோ நகரக் காவல் தலைவர் சாம்பாயோ பெராஸ் வேட்டையைத் தொடங்கிவிட்டார். பிடிபட்ட பலர் பெர்னாண்டோ டி நோரோன்யா என்ற தீவுச் சிறைக்கு நாடு கடத்தப்பட்டார்கள்.

ரியோவில் கப்போயிராக் குழுக்கள் எல்லாம் சாதுவானவை என்று நான் சொல்லவில்லை. கத்தி வைத்திருந்தார்கள், அரசியல் கட்சிகளுக்கு அடியாள் வேலையும் செய்தார்கள். அவர்களுக்குள் வெள்ளையர்களும் இருந்தார்கள். ஒருமுறை ஒரு பிரபுவின் மகனே பிடிபட்டான். அவனைத் தீவுக்கு அனுப்பினால் பதவி விலகுவேன் என்று வெளியுறவு அமைச்சர் மிரட்ட, புதுக் குடியரசின் அமைச்சரவையிலேயே நெருக்கடி வந்தது. பெயரில்லாத ஆட்கள் போனபோது எந்த அமைச்சரவையும் அசையவில்லை.

இந்தச் சட்டத்தைப் படிக்கும்போது நமக்கு 1871-ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் நினைவுக்கு வரும். இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். அங்கே ஒரு செயலைக் குற்றம் என்றார்கள், இங்கே ஒரு பிறப்பையே குற்றம் என்றார்கள். ஆனால் மக்களை முதலில் காவல் நிலையப் பதிவேட்டில் எழுதிவிட்டு, பிறகு வரலாற்றில் எழுதுகிற முறை இரண்டுக்கும் பொது.

அந்தப் பதிவேட்டைப் பற்றியும் ஒரு செய்தி. 1890 டிசம்பரில் பிரேசிலின் நிதியமைச்சர் ரூய் பார்போசா, தன் அமைச்சகத்தில் இருந்த அடிமை முறை சார்ந்த ஆவணங்களை எரிக்க உத்தரவிட்டார். முன்னாள் எசமானர்கள் இழப்பீடு கேட்டு வராமல் தடுக்கத்தான் அப்படிச் செய்தார் என்று ஒரு விளக்கம் உண்டு. எந்த நோக்கமாக இருந்தாலும் விளைவைப் பாருங்கள். யார் எந்தக் கப்பலில் வந்தார்கள், யார் யாருக்குப் பிள்ளை என்று சொல்லக்கூடிய தாள்களில் ஒரு பகுதி சாம்பலானது. அதே ஆண்டில் அவர்களைக் குற்றவாளிகளாக எழுதும் பதிவேடு புதிதாகத் திறந்தது. இன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் கப்போயிராவைப் பற்றி ஆய்வு செய்பவர்கள் பெரிதும் காவல்துறைக் குறிப்புகளைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

இப்படிக் குற்றமாக இருந்தது எப்படித் தேசிய விளையாட்டு ஆனது?

இரண்டு பாதைகள் இருந்தன. ஒன்று மேலிருந்து வந்தது. 1928-இல் அன்னிபால் புர்லாமாகி என்பவர் ரியோவில் ஒரு கையேடு வெளியிட்டார். கப்போயிராவை ஒழுங்குபடுத்தி, விதிகள் வகுத்து, 'தேசிய உடற்பயிற்சி' ஆக்குவது அவருடைய திட்டம். அசைவுகளை எடுத்துக்கொள்ளலாம், அந்த அசைவுகளோடு வந்த மக்களும் அவர்களுடைய இசையும் சடங்கும் தேவையில்லை என்ற பார்வை அதற்குள் இருந்தது.

இன்னொரு பாதை கீழிருந்து வந்தது. பாஹியா மாநிலத்தின் சால்வதோர் நகரில் மனுவேல் தோஸ் ரேய்ஸ் மஷாதோ என்ற கறுப்பினத் தொழிலாளி இருந்தார். துறைமுகத்தில் சுமை தூக்கியவர், தச்சு வேலை பார்த்தவர். மெஸ்த்ரே பிம்பா என்று சொன்னால்தான் உலகத்துக்குத் தெரியும். மெஸ்த்ரே என்றால் ஆசான். 1930களின் தொடக்கத்தில் அவர் மூடிய கூடத்துக்குள் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1937-இல் பாஹியா அரசின் கல்வித் துறை அதை உடற்பயிற்சி மையமாகப் பதிவு செய்தது. கப்போயிரா அப்போதும் சட்டப்படி குற்றம்தான். அதனால் அந்தச் சொல்லுக்குப் பதிலாக 'பாஹியாவின் வட்டாரச் சண்டைக் கலை' என்று பொருள்படும் பெயரை அவர் வைத்துக்கொண்டார்.

சேர்க்கைக்கு அவர் ஒரு நிபந்தனை வைத்தார். பள்ளியில் படிக்கிறேன் என்றோ வேலையில் இருக்கிறேன் என்றோ காட்டும் அட்டை வேண்டும். இந்த நிபந்தனையை எப்படிப் புரிந்துகொள்வது? 'ஊர்சுற்றிகள்' என்று எழுதிய சட்டத்துக்கு, என் மாணவர்களில் ஒருவரும் ஊர்சுற்றி இல்லை என்று அவர் கொடுத்த பதில் அது. ஆனால் அதே நிபந்தனை வேலையில்லாத கறுப்பு இளைஞனை வாசலில் நிறுத்தியது. நடுத்தர வகுப்பு வெள்ளை மாணவர்கள், பல்கலைக்கழக மாணவர்கள் ஏராளமாக உள்ளே வந்தார்கள். தன் கலைக்கு மதிப்புத் தேடிய ஆசான், மதிப்பு யாரிடம் இருந்ததோ அவர்களிடம்தான் போக வேண்டியிருந்தது. மானத்தோடு வாழ நினைத்த நம் முன்னோர் பலரும் இதே இடத்தில் நின்றிருக்கிறார்கள். பிம்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு முன்னால் திறந்திருந்த கதவு அது ஒன்றுதான்.

1940-இல் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் கப்போயிரா இடம்பெறவில்லை. 1953-இல் குடியரசுத் தலைவர் ஜெத்தூலியோ வர்காஸ் பாஹியாவுக்கு வந்தபோது பிம்பா தன் மாணவர்களோடு அவர் முன்னால் ஆடிக் காட்டினார். இதுவே உண்மையான நம் தேசிய விளையாட்டு என்று வர்காஸ் பாராட்டியதாகச் சொல்வார்கள். தேசிய ஒருமைப்பாடு பேசிய அரசுக்கு, கலப்பினப் பெருமை பேச ஒரு சின்னம் தேவைப்பட்டது. சாம்பா, கால்பந்து, கப்போயிரா என்று சின்னங்கள் சேர்ந்தன.

அதே சால்வதோரில் இன்னொரு ஆசான் இருந்தார். விசென்ட்டே பெரைரா பஸ்தீன்யா. பிம்பா கலையை வேகமாக்கினார், முறைப்படுத்தினார். பஸ்தீன்யாவோ ஆப்பிரிக்க மூலத்தோடு ஒட்டியிருந்த மெதுவான, தந்திரம் நிறைந்த மரபை 'கப்போயிரா அங்கோலா' என்ற பெயரில் நிலைநிறுத்தினார். 1941-இல் அதற்கென ஒரு மையம் அமைத்தார். அந்த மையம் பிறகு பெலோரின்யோ என்ற பழைய நகரப் பகுதியில் இயங்கியது. பெலோரின்யோ என்றால் அடிமைகளைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்த தூண் என்று பொருள். அந்தத் தூணின் பெயர் கொண்ட இடத்தில் அடிமைகளின் கலை பள்ளி நடத்தியது. 1966-இல் செனகல் நாட்டின் டாக்கார் நகரில் நடந்த முதல் உலகக் கறுப்பினக் கலை விழாவுக்குப் பிரேசில் குழுவோடு பஸ்தீன்யாவும் போய்வந்தார்.

இப்போது ஆளும் அமைப்புக்கு வருகிறேன்.

1941-இல், வர்காசின் சர்வாதிகாரக் காலத்தில், பிரேசிலின் விளையாட்டுகளுக்கு ஒரு சட்டம் போட்டார்கள். மேலே தேசிய விளையாட்டுக் குழு, அதற்குக் கீழே ஒவ்வொரு விளையாட்டுக்கும் கூட்டமைப்பு, அதற்குக் கீழே மாநிலச் சங்கங்கள், அதற்கும் கீழே மன்றங்கள். அடுக்கடுக்கான ஏணி. ஏணியைப் பற்றி நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1964-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1968-இலும் 1969-இலும் ரியோவில் கப்போயிராவுக்கான தேசியக் கருத்தரங்குகள் நடந்தன. நடத்தியது விமானப் படை. கலைச்சொற்களை ஒரே மாதிரி ஆக்குவது, விதிகளை வகுப்பது ஆகியவை பேசப்பட்டன. 1972-இன் இறுதியில் கப்போயிராவுக்கான தொழில்நுட்ப விதிமுறை ஒப்புதல் பெற்று, 1973 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. தனிக் கூட்டமைப்பு அப்போது கிடையாது. குத்துச்சண்டைக் கூட்டமைப்பின் கீழ் ஒரு துறையாகக் கப்போயிராவைச் சேர்த்தார்கள்.

விதிமுறை என்ன செய்தது? ஆட்டத்துக்கு நேரம் குறித்தது. நடுவர்களை உட்கார வைத்தது. புள்ளிகள் போடச் சொன்னது. இடுப்பில் கட்டும் கயிறுகளின் நிறத்தால் தகுதிப் படிகளை வகுத்தது. அந்த நிறங்கள் பிரேசில் தேசியக் கொடியிலிருந்து எடுக்கப்பட்டவை: பச்சை, மஞ்சள், நீலம், வெள்ளை. வெள்ளைக் கயிறு ஆசானுக்கு.

முன்பு சொன்னதை நினைத்துப் பாருங்கள். ரோடாவில் ஆட்டத்தை நடத்துவது பெரிம்பாவ். விதிமுறை வந்த பிறகு நடத்துவது நடுவரின் கடிகாரம். ஏமாற்றி, சிரித்து, அடிக்காமல் விட்டு எதிராளியை வெட்கப்பட வைப்பதற்கு நடுவர் எத்தனை புள்ளி போடுவார்? எண்ண முடிந்தது மிஞ்சும், எண்ண முடியாதது உதிரும். அடிமைப்பட்டவன் எசமானின் கண் முன்னாலேயே மறைத்து வைத்த அறிவு எண்ண முடியாதது.

1974-இல் சாவ் பாவ்லோவில் முதல் மாநிலச் சங்கம் அமைந்தது. 1992 அக்டோபரில் கப்போயிரா குத்துச்சண்டையிலிருந்து பிரிந்து தனக்கெனத் தேசியக் கூட்டமைப்பைப் பெற்றது. பிறகு பன்னாட்டு அமைப்பும் உருவானது. அமைப்பின் வளர்ச்சி என்று பார்த்தால் இது வெற்றிக் கதைதான்.

இதே ஆண்டுகளில் ஆசான்களுக்கு என்ன நடந்தது?

1971-இல் பெலோரின்யோக் கட்டடத்தைப் புதுப்பிக்கப் போகிறோம் என்று சொல்லி பஸ்தீன்யாவை வெளியேற்றினார்கள். திரும்பி வரலாம் என்றார்கள். அவர் திரும்ப முடியவில்லை. அந்தக் கட்டடம் உணவகமானது. பார்வையை இழந்து, முதியோர் காப்பகத்தில் வாழ்ந்து, 1981 நவம்பரில் அவர் இறந்தார். பாஹியா அரசு ஆதரிக்கவில்லை என்ற கசப்போடு பிம்பா சால்வதோரை விட்டு கோயானியா நகருக்குக் குடிபெயர்ந்தது 1973-இல். தேசிய விதிமுறை நடைமுறைக்கு வந்த அதே ஆண்டு. 1974 பிப்ரவரியில் வறுமையில் இறந்தார். கலைக்கு வெள்ளைக் கயிறு கிடைத்தபோது ஆசானுக்கு வாடகை கொடுக்கக் காசில்லை.

பெண்களின் நிலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1941-இன் விளையாட்டுச் சட்டத்தில், பெண்களின் 'இயல்புக்கு' ஒவ்வாத விளையாட்டுகளை அவர்கள் ஆடக்கூடாது என்று ஒரு பிரிவு இருந்தது. 1965-இல் தேசிய விளையாட்டுக் குழு அதற்குப் பட்டியல் போட்டது. எந்த வகையான சண்டைக் கலையும் பெண்களுக்கு இல்லை, கால்பந்தும் இல்லை. 1979 வரை இது நீடித்தது. அப்படியானால் கப்போயிராவைச் சண்டை விளையாட்டு என்று வகைப்படுத்தி ஏணியில் ஏற்றிய நாளில், சட்டப்படி அந்த ஏணியில் பெண்களுக்குப் படியே கிடையாது. கலைக்கு அங்கீகாரம் வந்தபோது கலைஞர்களில் பாதிப் பேருக்குத் தடை வந்தது. இதற்குக் கூட்டமைப்பை மட்டும் குற்றம் சொன்னால் போதாது. மரபான ரோடாவிலும் பெண்களுக்குப் பெரிம்பாவ் எளிதில் கிடைத்ததில்லை. ஆசான் மரபும் ஆண் மரபாகத்தான் இருந்தது.

அடுத்த அடி 1998-இல் வந்தது. உடற்கல்வித் தொழிலை முறைப்படுத்தும் சட்டம் ஒன்று நிறைவேறியது. அதன்படி அமைந்த உடற்கல்வி மன்றம் 2002-இல் ஒரு தீர்மானம் போட்டு, கப்போயிராவும் நடனமும் தற்காப்புக் கலைகளும் தன் ஆளுகைக்குள் வரும் என்றது. உடற்கல்விப் பட்டம் பெற்று, மன்றத்தில் பதிவு செய்தவர்தான் கற்றுக்கொடுக்கலாம் என்ற நிலையை நோக்கி அது நகர்ந்தது. நாற்பது ஆண்டு ஆடிய ஆசான், பள்ளிப் படிப்பு முடிக்காதவர், தன் பேட்டையின் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க, தன்னிடம் படித்த பட்டதாரி ஒருவரின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

1890-இல் காவலர் கேட்டார்: தெருவில் ஆட உனக்கு யார் அனுமதி கொடுத்தது? ஒரு நூற்றாண்டு கழித்து மன்றம் கேட்டது: கற்றுக்கொடுக்க உனக்கு யார் அனுமதி கொடுத்தது? சிறை போய்ச் சான்றிதழ் வந்தது. கேட்பவரும் பதில் சொல்ல வேண்டியவரும் இடம் மாறவே இல்லை.

இதை எதிர்த்துப் போராடியவர்களின் கதையும் இருக்கிறது. 1978-இல் பிரேசிலில் ஒருங்கிணைந்த கறுப்பின இயக்கம் பிறந்தது. 1980-இல் மெஸ்த்ரே மோராயிஸ் 'பெலோரின்யோ கப்போயிரா அங்கோலாக் குழு'வைத் தொடங்கினார். கொடி நிறக் கயிறுகளை அவர்கள் கட்டவில்லை. போட்டிப் புள்ளிகளை ஏற்கவில்லை. கப்போயிராவை ஆப்பிரிக்க வரலாற்றோடும் இனவெறி எதிர்ப்போடும் சேர்த்துக் கற்பித்தார்கள். வெளிச்சத்திலிருந்து ஒதுங்கிப்போயிருந்த பழைய ஆசான்களை மீண்டும் அழைத்துவந்து உட்கார வைத்தார்கள். அங்கே வளர்ந்த பெண்கள் பின்னாளில் ஆசான்களாகித் தங்கள் குழுவை அமைத்து, பாலினச் சமத்துவத்தையும் ரோடாவுக்குள் கொண்டுவந்தார்கள். தேசியக் கூட்டமைப்பு எவ்வளவு வளர்ந்தாலும் கப்போயிராக் குழுக்களில் மிகப் பல அதற்கு வெளியில்தான் இயங்கிவந்தன. ஒரே அமைப்பு, ஒரே விதி, ஒரே கயிறு என்ற கனவு நிறைவேறாமல் போனதற்கு அதுதான் காரணம்.

இந்த அழுத்தத்தால் சட்டங்கள் மாறின. 2003-இல் பள்ளிகளில் ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க-பிரேசிலிய வரலாறு கட்டாயமானது. 2008 சூலையில் தேசியப் பாரம்பரிய நிறுவனம் இரண்டு பதிவுகளைச் செய்தது. ரோடாவை ஒரு பண்பாட்டு வடிவமாகப் பதிவு செய்ததோடு, ஆசான்களின் தொழிலறிவையும் தனியாகப் பதிவு செய்தது. அப்போது பண்பாட்டு அமைச்சராக இருந்தவர் பாஹியாவின் கறுப்பின இசைக் கலைஞர் ஜில்பெர்ட்டோ ஜில். முதிய ஆசான்களுக்குச் சிறப்பு ஓய்வூதியம், பட்டம் இல்லாவிட்டாலும் அவர்களுடைய அறிவைக் கல்வித் துறை ஏற்பது, பெரிம்பாவுக்கான மரத்தைப் பாதுகாப்பது ஆகியவை பரிந்துரைகளில் இருந்தன. 2010-இல் வந்த இனச் சமத்துவச் சட்டம், மரபான ஆசான்கள் பள்ளிகளில் கப்போயிரா கற்பிக்கலாம் என்று எழுதியது. கப்போயிரா உள்ளிட்ட கலைகளைக் கற்பிப்போர் உடற்கல்வி மன்றத்தில் பதிவு செய்ய வேண்டியதில்லை என்று நீதிமன்றமும் சொன்னது. 2014 நவம்பரில் ரோடா யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

நல்லது நடந்தது என்று இதோடு முடித்துக்கொள்ளலாம். ஆனால் 2018 அக்டோபரில் தேர்தல் முதல் சுற்று முடிந்த இரவு, சால்வதோரில் கப்போயிரா அங்கோலாவின் ஆசான் மோவா டோ காத்தெண்டே, ஓர் அரசியல் வாக்குவாதத்தின் முடிவில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். வயது 63. அவருடைய கலை அப்போது உலகப் பாரம்பரியம். பட்டியலில் கலை பாதுகாப்பாக இருந்தது, கலைஞரின் உடல் பாதுகாப்பாக இல்லை.

தோழர்களே, இனி நம் ஊருக்கு வருவோம்.

ஒப்பிடும்போது கவனம் வேண்டும். கப்போயிரா ஆடினால் தண்டனை. நம் ஊரில் பறை அடிக்க மறுத்தால் தண்டனை. சாவுக்கும் திருவிழாவுக்கும் ஊதியமில்லாமலோ அற்பக் கூலிக்கோ அடிக்க வேண்டும் என்று சாதி விதித்த கடமை அது. அடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காக அடிபட்ட சேரிகள் உண்டு. எனவே பறைக்கு அரசு அங்கீகாரம் கேட்கும்போது, அடிக்கும் உரிமையோடு அடிக்க மறுக்கும் உரிமையும் அதில் இருக்க வேண்டும். இது பிரேசிலில் எழாத, நமக்கே உரிய கேள்வி.

ஆளும் அமைப்பு பற்றிய பாடம் மட்டும் நேராகவே பொருந்தும். 1930களில் சென்னையில் சதிர், பரதநாட்டியம் ஆன காலமும் பிம்பா பள்ளி நடத்திய காலமும் ஒன்றுதான். தேவதாசி முறையை ஒழித்தது நம் இயக்கங்களின் பெருமை, அதில் இரண்டாம் கருத்தில்லை. ஆனால் முறையை ஒழித்த கையோடு கலையும் கைமாறியது. மேடை, சபா, பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் எல்லாம் பார்ப்பன, உயர்சாதி நடுத்தர வகுப்பிடம் போய்ச் சேர்ந்தன. கலையைக் காத்த குடும்பத்துப் பெண்கள் அந்தச் சபாக்களின் வாசலுக்கு வெளியே நின்றார்கள்.

இன்று சிலம்பம் அந்த வாசலுக்கு வந்திருக்கிறது. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அரசு வேலைக்கான விளையாட்டு இடஒதுக்கீட்டிலும் தமிழ்நாடு அரசு அதைச் சேர்த்திருக்கிறது. வரவேற்கிறோம். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வேலை கிடைக்கிற வழி அது. ஆனால் வேலைக்குச் சான்றிதழ் வேண்டும் என்றால், சான்றிதழ் கொடுக்கும் சங்கத்துக்கு அதிகாரம் வரும். எந்தச் சங்கத்தின் சான்றிதழ் செல்லும்? அந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள்? பெண்கள் எத்தனை பேர்? இந்தக் கேள்விகளைப் பதக்கப் பட்டியல் வெளிவரும் முன்பே கேட்க வேண்டும்.

கூட்டமைப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அமைப்பு இல்லாத கலைக்கு மைதானம் கிடைக்காது, நிதி கிடைக்காது, அடிபட்ட மாணவருக்குக் காப்பீடு கிடைக்காது. அண்ணல் அம்பேத்கர் நமக்குக் கற்றுத்தந்த 'ஒன்றுசேர்' என்ற சொல்லுக்கு அமைப்பு என்றுதான் பொருள். நான் கேட்பது, அமைப்பில் நம் நிபந்தனைகள் முதல் நாளே எழுதப்பட வேண்டும் என்பதுதான். நான்கு நிபந்தனைகள் சொல்கிறேன்.

ஒன்று, ஆசான் யார் என்பதை ஆசான்கள் முடிவு செய்ய வேண்டும். பள்ளிப் பட்டம் இல்லை என்பதற்காக, வாழ்நாள் முழுக்கக் கற்றுக்கொடுத்தவரைத் தகுதியற்றவர் என்று எழுதும் அதிகாரம் எந்த மன்றத்துக்கும் இருக்கக்கூடாது.

இரண்டு, கலையைப் பிறப்பித்த, காத்த சமூகங்களிலிருந்து வரும் கலைஞர்களுக்கு நிர்வாகத்தில் பெரும்பான்மை வேண்டும். அதில் பெண்களுக்குச் சரிபாதி. நல்லெண்ணமாக விட்டுவிடாமல் அமைப்பு விதியிலேயே எழுதப்பட வேண்டும்.

மூன்று, பதக்கத்துக்கு ஒதுக்கும் முன் ஓய்வூதியத்துக்கு ஒதுக்க வேண்டும். முதிய ஆசானின் மருந்துச் செலவைப் பார்க்காத அமைப்பு எத்தனை போட்டி நடத்தினாலும் அது நம் அமைப்பு இல்லை.

நான்கு, வரலாற்றை எழுத வேண்டும். யாரிடமிருந்து யார் கற்றார், எந்தச் சேரியில், எந்தக் குப்பத்தில் என்று பெயரோடு ஊரோடு பதிவு செய்ய வேண்டும். 'பழம்பெரும் தமிழர் கலை' என்று பொதுவாகச் சொல்லும்போது காணாமல் போவது யாருடைய பெயர் என்று நமக்குத் தெரியும். பிரேசிலில் எரித்தார்கள். இங்கே எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். இங்கே இருக்கிற ஆய்வு மாணவர்கள் அனைவருக்கும் இதில் வேலை இருக்கிறது, எனக்கும் இருக்கிறது.

பஸ்தீன்யாவின் மாணவர் ஜோவாவ் கிராண்டே 1990-இல் நியூயார்க்குக்குப் போய் அங்கே பள்ளி நடத்தினார். 2001-இல் அமெரிக்க அரசு அவருக்கு மரபுக் கலைஞர்களுக்கான தேசிய விருதைக் கொடுத்தது. சொந்த ஊரில் ஆசானுக்குக் காப்பகம், வெளிநாட்டில் மாணவருக்கு விருது. நம் பறையிசைக் கலைஞர்களுக்கும் சிலம்ப ஆசான்களுக்கும் அந்த நிலை வர விடக்கூடாது. அதற்கான நேரம் சங்கங்களின் விதிகள் எழுதப்படும்போதுதான். விதிகள் இப்போது எழுதப்பட்டுக்கொண்டிருக்கின்றன. எழுதும் மேசையில் நம் ஆட்கள் உட்கார வேண்டும்.